ஆறு மணி மிஸ்டு கால்

எழுபத்திரண்டு வயிறுகள் என் பதிவேட்டில்,
ராசாப்பேட்டையில் தொடங்கி சிப்காட் குடியிருப்பு வரை.
வீடுகளுக்குப் போகாதே என்றது ஒரு சுற்றறிக்கை.
போய்ப் பார் என்றது அடுத்தது.
இரண்டையும் ஒரே பின்னில் குத்தி வைத்துவிட்டு
நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன்.

சாப்பிட்டதும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படு.
கை வயிற்றின் மேல் இருக்கட்டும்.
பத்து அசைவு எண்ணியதும்
எனக்கு ஒரு மிஸ்டு கால்.
நான் எடுக்க மாட்டேன். நீயும் எடுக்காதே.
அந்த இருமல் அறிவிப்பு முடிவதற்குள் வைத்துவிடு.
வலி என்றால் மூன்று.
பனிக்குடம் உடைந்தால் எண்ணாதே,
அடித்துக்கொண்டே இரு.

சாயங்காலம் ஆறுக்குத் தொடங்கும்.
மேசைமேல் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து
இரும்புச்சத்து மாத்திரை டப்பாவில் போய் முட்டும்.
வேதவல்லியின் பிள்ளை விழித்துக்கொண்டது.
ஜெய்புன்னிசாவுக்கு நோன்பு மாதத்தில் மட்டும்
ஏழு மணி, கஞ்சி குடித்த பின்.
சாயக் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்து வந்தவனின் மனைவி
ரேபதிக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் 'அக்கா'.
விரல்களை விரித்துப் பத்து காட்டினேன்,
வயிற்றைக் காட்டினேன், போனைக் காட்டினேன்.
அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை.
ஒவ்வொன்றுக்கும் பச்சை மையில் ஒரு டிக்.
முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொள்வேன்,
யார் பார்க்கப்போகிறார்கள்.

ஆடி முதல் வாரம்
ஒரு கட்டம் காலியாகவே இருந்தது.
கலைமதி. முப்பத்தாறு வாரம்.
தெருவில் மூன்று பேருக்குத் தொற்று,
இரு முனையிலும் தகரம்.

எட்டு மணிக்கு நான் அடித்தேன்.
யாரோ இருமினார், கை கழுவச் சொன்னார்,
பிறகு மணி, மணி, மணி.
அவள் எடுக்கவில்லை.
எடுக்காதே என்றல்லவா சொல்லியிருந்தேன்.

ஸ்கூட்டியில் போய்த் தகரத்தைத் தட்டினேன்.
ஆள் கூப்பிட்டு, ஆள் போய்ச் சொல்லி,
மின்கம்பத்துக்கும் தகரத்துக்கும் இடையே
ஒரு கை நுழையும் சந்தில்
அவள் ஒற்றைக் கண் வந்தது.

"ஏழு வந்துச்சுக்கா, மத்தியானம்.
பத்து ஆவட்டும்னு படுத்திருக்கேன்."

மத்தியானம்.

பத்து வந்தால் என்ன செய்ய என்று சொன்னேன்.
வராவிட்டால் என்ன என்று
சொல்லவே இல்லை.
இருபத்தோரு வருட சர்வீஸ்.
அவளோ சொன்ன பேச்சு கேட்பவள்.

டாப்லரின் தலையைச் சந்துக்குள் நீட்டினேன்.
"கீழ. இன்னும் கீழ. வலப்பக்கம். அழுத்தும்மா."
வெறும் கொரகொரப்பு.
கடல் வேறு பின்னால் ஓயாமல் பேசியது.
காவலுக்கு நின்ற ஊர்க்காவல் படைப் பையனுக்குக்
கை காட்டினேன், வாக்கி டாக்கியை அணைத்தான்.
அப்புறம் கேட்டது.
மெதுவாக. ரொம்ப மெதுவாக.
கண்கள் மட்டுமே வெளியே தெரிகிற ஒருத்தி
கண்களை எங்கே ஒளிப்பாள்?
"இருக்கு" என்றேன்.
"நூத்தியெட்டு வருது. தகரத்தப் பிரிக்கச் சொல்றேன்,
தள்ளி நில்லு."

ஒரு கிலோ எண்ணூறு. பெண்.
ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ போனில் சொன்னார்கள்,
பாதி காதில் விழவில்லை.

மறுநாள் எழுபத்தொரு பேருக்கும் நானே அடித்தேன்.
எழுபத்தொரு முறை இருமினார் அவர்.
'பத்து வராட்டி' என்றுதான் ஆரம்பித்தேன்.
ரேபதி வீட்டுக்கு மட்டும் நேரில் போய்
பத்து விரலில் மூன்றை மடக்கிக் காட்டி,
கதவு, சாலை, ஓட்டம் என்று
வாசலில் நின்று ஓடிக்காட்டினேன்.
முதலில் சிரித்தாள்.
அப்புறம் மடக்கிய விரல்களையே பார்த்தாள்.

கலைமதியின் எண்ணிலிருந்து
இன்னும் தினமும் ஆறு மணிக்கு
ஒரு மிஸ்டு கால் வருகிறது.
நிறுத்தச் சொல்லி
நான் சொல்லவில்லை.